மாவட்டமே இல்லாத பாதி மாநிலம்: அலாஸ்காவின் 'அமைக்கப்படாத பரோ'

2025 அக்டோபர் 11ஆம் தேதி இரவிலும் மறுநாள் விடியலிலும் ஹாலாங் சூறாவளியின் எச்சம் அலாஸ்காவின் மேற்குக் கரையைத் தாக்கியது. பெரிங் கடலை ஒட்டிய தாழ்நிலத்தில் இருக்கும் கிப்னக், க்விகிலிங்கோக் என்ற இரண்டு யூப்பிக் பழங்குடிக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது. தூண்களிலிருந்து பெயர்ந்த வீடுகள் மிதந்தன. சில வீடுகள் உள்ளே ஆட்கள் இருக்கும்போதே அடித்துச் செல்லப்பட்டன. தப்பியவர்கள் பள்ளிக்கூடங்களில் ஒதுங்கினார்கள். அங்கிருந்து தேசியக் காவல்படையின் விமானங்கள் அவர்களை முதலில் பெத்தல் என்ற சிறு நகருக்கும், பிறகு பலரை 640 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆங்கரேஜ் நகருக்கும் கொண்டுசென்றன.

அந்த நாட்களின் செய்திகளைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு ஒரு குழப்பம் வந்திருக்கும். பழங்குடி மன்றம் பேசுகிறது, மாநில ஆளுநர் பேசுகிறார், மத்திய அரசின் பேரிடர் முகமை பேசுகிறது, பள்ளி மாவட்டமும் ஏதோ ஒரு லாப நோக்கற்ற அமைப்பும் பேசுகின்றன. மாவட்ட நிர்வாகம் எங்கே? கிராமத்துக்கும் மாநிலத்துக்கும் நடுவில் இருந்து படகு அனுப்பவும் முகாம் திறக்கவும் கணக்கெடுக்கவும் வேண்டியவர் யார்?

அப்படி ஒருவர் அங்கே இல்லை. ஏன் இல்லை என்பதற்கு அலாஸ்காவின் அரசமைப்புச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

## பரோ என்றால் என்ன?

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் கவுண்டி எனப்படும் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டவை. காவல், நீதிமன்றப் பதிவு, சாலை, சொத்து வரி எல்லாம் கவுண்டியின் வழியாக நடக்கும். அலாஸ்காவில் கவுண்டி கிடையாது. அதற்குப் பதிலாக இருப்பது பரோ. நியூயார்க் நகரின் பரோக்களுக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவு எதுவுமில்லை.

அலாஸ்காவில் இரண்டு வகைப் பரோக்கள் உண்டு. அமைக்கப்பட்ட பரோ என்பது மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமும் மேயரும் வரி விதிக்கும் அதிகாரமும் கொண்ட வட்டார அரசு. இப்படிப்பட்ட ஒவ்வொரு பரோவும் தன் எல்லை முழுவதற்கும் மூன்று பணிகளைக் கட்டாயம் செய்தாக வேண்டும்: பள்ளிக் கல்வி, நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல், வரி மதிப்பீடும் வசூலும்.

இந்தப் பரோக்களின் எல்லைகளுக்குள் வராத நிலம் முழுவதும் சேர்ந்து 'அமைக்கப்படாத பரோ' என்ற ஒற்றைப் பெயரில் அடங்குகிறது. அதன் பரப்பு 8 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். டெக்சாஸ் மாநிலத்தை விடப் பெரியது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 77,157 பேர். பத்து சதுர கிலோமீட்டருக்கு ஓர் ஆள்கூட வராது. அதற்கு மேயர் இல்லை, மன்றம் இல்லை, தலைநகர் இல்லை, அலுவலகமும் இல்லை. மக்கள்தொகைத் துறை தன் வசதிக்காக அதை 11 கணக்கெடுப்புப் பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. பெத்தல் கணக்கெடுப்புப் பகுதி என்று செய்தியில் வரும்போது அதை பெத்தல் மாவட்டம் என்று படித்துவிடக் கூடாது. புள்ளிவிவரம் திரட்டுவதற்காக வரைபடத்தில் போட்ட கோடு அது, அவ்வளவே.

## அரசமைப்பை எழுதியவர்கள் நினைத்தது வேறு

1955 நவம்பரில் ஃபேர்பேங்க்ஸ் அருகே உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் 55 பிரதிநிதிகள் கூடி, வரவிருக்கும் மாநிலத்துக்கான அரசமைப்பை எழுதத் தொடங்கினார்கள். 1956 பிப்ரவரியில் முடித்தார்கள். அந்த 55 பேரில் அலாஸ்காவின் பூர்வகுடி ஒருவர்தான்: ஃபிராங்க் பெரட்ரோவிச். இன்று அமைக்கப்படாத பரோவில் வாழ்பவர்களில் பெரும்பான்மையினர் பூர்வகுடிகள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த எண்ணிக்கை மனத்தை உறுத்துகிறது.

உள்ளாட்சி விஷயத்தில் அவர்கள் கையில் இருந்தது ஏறக்குறைய வெற்றுத் தாள். மத்திய அரசின் 1912ஆம் ஆண்டுச் சட்டம், நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அலாஸ்காவில் கவுண்டிகளை உருவாக்கக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தது. அதனால் கலைக்க வேண்டிய பழைய மாவட்டங்கள் இல்லை. மற்ற மாநிலங்களில் கவுண்டி, நகரம், பள்ளி மாவட்டம், தண்ணீர் மாவட்டம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரி விதிக்கும் அமைப்புகள் பெருகியிருந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். எனவே அரசமைப்பின் பத்தாவது பிரிவில், உள்ளூர்த் தன்னாட்சி அதிகபட்சமாகவும் உள்ளாட்சி அமைப்புகளின் எண்ணிக்கை குறைந்தபட்சமாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

அதே பிரிவு மாநிலம் முழுவதையும் பரோக்களாகப் பிரிக்கச் சொல்கிறது. ஒவ்வொரு பரோவும், இயன்ற அளவு, பொதுவான நலன்கள் கொண்ட ஒரு வட்டாரமாக இருக்க வேண்டும் என்கிறது. இன்னும் பக்குவப்படாத வட்டாரங்கள் 'அமைக்கப்படாத பரோக்கள்' என்று தனித்தனியே இருக்கலாம்; அவற்றுக்கான பணிகளை மாநிலச் சட்டமன்றம் பார்த்துக்கொள்ளலாம். 'பரோக்கள்' என்று பன்மையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குஸ்கோக்விம் ஆற்று வடிநிலம் ஒன்று, யூக்கான் உட்பகுதி ஒன்று, பெரிங் நீரிணைக் கரை ஒன்று என்று வளர வேண்டிய வட்டாரங்கள் அவை.

1961இல் சட்டமன்றம் இயற்றிய பரோ சட்டம், அமைக்கப்படாத நிலம் எல்லாவற்றையும் ஒரே பரோ என்று அறிவித்தது. தெற்கே மழைக்காடுகளில் வாழும் ட்லிங்கிட் மக்களும், 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் பெரிங் கடலோரத்தில் வாழும் யூப்பிக் மக்களும் ஒரே 'வட்டாரம்' ஆனார்கள். இந்த ஏற்பாட்டின் மூலப் பிழை இதுதான் என்பது என் கருத்து. அரசமைப்பு ஒரு வட்டாரத்தைக் கேட்டது. சட்டம் மிச்சம் மீதியை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தது.

அடுத்த வெட்டு 1963இல். மக்கள் தாமாக முன்வந்து பரோ அமைப்பார்கள் என்று காத்திருந்தும், 1962இல் பிரிஸ்டல் விரிகுடாப் பகுதி மட்டுமே முன்வந்தது. எனவே ஆங்கரேஜ், ஃபேர்பேங்க்ஸ், ஜூனோ, கெட்சிகன் உள்ளிட்ட எட்டுப் பகுதிகளைப் பரோ ஆகியே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியது. ஜனநெருக்கம் உள்ள பகுதிகள் அதோடு முடிந்தன. மற்ற இடங்களில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

## எண்ணெய் உள்ள இடத்தில் அரசு பிறந்தது

கட்டாயம் இல்லாதபோது ஒரு வட்டாரம் ஏன் தனக்கென்று அரசு அமைத்துக்கொள்ளும்? வடகோடியின் நார்த் ஸ்லோப் இதற்கு மிகத் தெளிவான விடை தருகிறது.

1968இல் ஆர்க்டிக் கரையில் ப்ரூடோ விரிகுடாவில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நிலத்தில் காலங்காலமாகத் திமிங்கிலம் வேட்டையாடி வாழ்ந்த இனுப்பியாட் மக்களின் ஊர்களில் அப்போது உயர்நிலைப் பள்ளி கிடையாது. பிள்ளைகளைத் தெற்கே சிட்காவுக்கும், அதையும் தாண்டி ஒரேகன் மாநிலத்துக்கும் விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. குழாய்த் தண்ணீர் இல்லை. எண்ணெய்ப் பணம் அவர்கள் தலைக்கு மேலாகப் போகவிருந்தது.

ஈபன் ஹாப்சன் தலைமையில் அவர்கள் கையில் எடுத்தது பரோ சட்டம். ஊர்கள் எல்லாவற்றையும் ப்ரூடோ விரிகுடாவையும் ஒரே எல்லைக்குள் வளைத்து ஒரு பரோவை முன்மொழிந்தார்கள். எண்ணெய் நிறுவனங்கள் எதிர்த்து நீதிமன்றம் சென்றன. 1972இல் நார்த் ஸ்லோப் பரோ பிறந்தது. ஹாப்சன் முதல் மேயரானார். 1974இல் மாநில உச்ச நீதிமன்றம் பரோ அமைத்தது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

வரிக் கணக்கு இப்படி வேலை செய்கிறது. எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் குழாய், கிணறு, ஆலை போன்ற சொத்துகளின் மதிப்பில் நூற்றுக்கு 2 டாலர் வரி என்று 1973இல் மாநிலம் சட்டம் செய்தது. அந்தச் சொத்து ஒரு பரோவின் எல்லைக்குள் இருந்து, பரோவும் அதன்மேல் வரி விதித்தால், அந்தத் தொகை மாநிலத்துக்குச் சேர வேண்டியதிலிருந்து கழிக்கப்படும். நிறுவனம் கட்டுவது மாறுவதில்லை, பெறுபவர்தான் மாறுகிறார். நார்த் ஸ்லோப்பில் அந்த வரியின் பெரும்பகுதி பரோவுக்கே போகிறது.

அந்தப் பணத்தில் எழுந்தவை கண்ணுக்குத் தெரியும்: எட்டு ஊர்களிலும் பள்ளிகள், சொந்தக் காவல்துறை, தேடுதல்–மீட்பு விமானங்கள். உட்கியாக்விக் நகரில் உறைநிலத்துக்குள் சுரங்கப்பாதை தோண்டி அதன் வழியே குடிநீர், கழிவுநீர்க் குழாய்களைக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஐக்கிய இராச்சியத்தின் அளவுள்ள நிலத்துக்கும், எண்ணெய் வயல் முகாம்களையும் சேர்த்துச் சுமார் 11,000 பேருக்குமான வட்டார அரசு அது.

இதே வழியில் 1986இல் நார்த்வெஸ்ட் ஆர்க்டிக் பரோ அமைந்தது. அதன் எல்லைக்குள் ரெட் டாக் துத்தநாகச் சுரங்கம் வரவிருந்தது. 1989இல் உற்பத்தி தொடங்கியது. மாநிலத்தின் வடக்கிலும் மேற்கிலும் தாமாகப் பரோ ஆன பகுதிகளைப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வரி போட ஏதோ ஒன்று இருக்கிறது: எண்ணெய், சுரங்கம், அல்லது மீன்.

## மற்றவர்கள் ஏன் அமைத்துக்கொள்ளவில்லை?

1. வரி போடச் சொத்து இல்லை. அலாஸ்கா நிலத்தில் சுமார் 60 சதவீதம் மத்திய அரசுக்குச் சொந்தம். அதன்மேல் உள்ளாட்சி வரி விதிக்க முடியாது. பூர்வகுடிகளின் நில உரிமைக் கோரிக்கைகளை நிலமும் பணமும் கொடுத்துத் தீர்த்த 1971ஆம் ஆண்டு பூர்வகுடி நிலத் தீர்வுச் சட்டத்தின்படி, பூர்வகுடிகளைப் பங்குதாரர்களாகக் கொண்ட நிறுவனங்களுக்குக் கிடைத்த நிலமும், அபிவிருத்தி செய்யப்படாதவரை, சொத்து வரிக்கு உட்படாது. கிப்னக்கைச் சுற்றி இருப்பது யூக்கான் டெல்டா தேசிய வனவிலங்குப் புகலிடம். பரோ அமைத்தால் அது யாரிடம் போய் வரி கேட்கும்?

2. பரோ ஆனால் பள்ளிச் செலவில் பங்கு கட்ட வேண்டும். அமைக்கப்பட்ட பரோ தன் எல்லையிலுள்ள வரிக்குரிய சொத்து மதிப்பில் ஆயிரத்துக்கு 2.65 டாலர் என்ற கணக்கில், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, பள்ளிகளுக்குத் தர வேண்டும். அமைக்கப்படாத பரோவின் கிராமப் பள்ளிகளுக்கு இந்தப் பங்கு கிடையாது. மாநிலமும் மத்திய அரசும் தருகின்றன. கெட்சிகன் பரோ இதை எதிர்த்து வழக்குத் தொடுத்து 2014இல் கீழ் நீதிமன்றத்தில் வென்றது. 2016 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, கட்டாயப் பங்கு செல்லும் என்றது.

3. கிடைக்கும் வரியை நகரங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. அலாஸ்கா எண்ணெய்க் குழாய் முடியும் துறைமுகமான வால்டீஸ் அமைக்கப்படாத பரோவுக்குள்தான் இருக்கிறது. ஆனால் எண்ணெய் முனையம் நகர எல்லைக்குள் வருவதால் அதன் வரி நகரத்துக்குப் போகிறது. பக்கத்துக் காப்பர் ரிவர் வடிநிலத்தின் ஊர்களோடு சேர்ந்து ஒரு பரோ அமைத்து அந்த வருமானத்தைப் பகிர்ந்துகொள்ள வால்டீஸுக்கு என்ன அவசரம்?

இரண்டாவது காரணத்தை வைத்து, கிராமத்தார் வரி கட்டாமல் ஓசியில் வாழ்கிறார்கள் என்று சாலை இணைப்புள்ள நகரங்களில் பேசுவதுண்டு. இந்தப் பேச்சு நியாயமற்றது. ஒரு லிட்டர் எரிபொருளும் ஒரு பெட்டி பாலும் கப்பலிலோ விமானத்திலோ வர வேண்டிய ஊர்களில், மீனும் கடமானும் வேட்டையாடி உணவு சேர்ப்பவர்களின் சிறு மரவீடுகளுக்கு வரி போட்டால், வசூலிக்கும் அலுவலரின் சம்பளத்துக்கே அது போதாது.

## ஒரு கிராமம், எத்தனை அரசுகள்?

நடுவில் அரசு இல்லை என்றால் நிர்வாகமே இல்லை என்று பொருளல்ல. அமைப்புகளுக்குக் குறைவே இல்லை. குஸ்கோக்விம் பகுதிக் கிராமம் ஒன்றில் ஒரே நேரத்தில் இத்தனை கைகள் உண்டு:

1. பழங்குடி மன்றம். மத்திய அரசு அங்கீகரித்த இறையாண்மை அமைப்பு. அலாஸ்காவில் இப்படி 220க்கும் மேற்பட்ட பழங்குடி அரசுகள் இருக்கின்றன. மாநில அரசு இவற்றைச் சட்டத்தின் மூலம் முறையாக அங்கீகரித்தது 2022இல்தான்.
2. நகர மன்றம், சில ஊர்களில் மட்டும். கிப்னக்கிலும் க்விகிலிங்கோக்கிலும் இல்லை.
3. கிராம நிறுவனம். 1971 சட்டப்படி ஊரைச் சுற்றியுள்ள நிலத்தின் மேற்பரப்புக்கு உரிமையாளர்; மக்கள் அதன் பங்குதாரர்கள்.
4. வட்டார நிறுவனம். அதே நிலத்தின் அடியில் உள்ள கனிமங்களுக்கு உரிமையாளர். நிலத்தீர்வு மாநிலத்தை 12 வட்டாரங்களாகப் பிரித்தது.
5. வட்டார லாப நோக்கற்ற அமைப்பு. பெத்தல் பகுதியில் கிராமத் தலைவர்கள் சங்கம். சமூக நலப் பணிகளையும் வேலைவாய்ப்புப் பணிகளையும் நடத்துகிறது.
6. வட்டாரப் பள்ளி வாரியம்.

நில உரிமை ஒருவரிடம், அதிகாரம் இன்னொருவரிடம், பணம் மூன்றாமவரிடம். ஒரு வீட்டுமனை ஒதுக்கக்கூட இவர்களில் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். நிலத்தீர்வுச் சட்டத்திலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. கிராம நிறுவனம் தன் நிலத்தில் ஒரு பகுதியை ஊரின் பொதுத் தேவைகளுக்காக நகராட்சிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. நகராட்சியே இல்லாத ஊரில்? பிற்காலத்தில் அமையக்கூடிய ஒரு நகராட்சிக்காக மாநில அரசு அந்த நிலத்தை அறங்காவலராக வைத்துக்கொள்கிறது. பிறக்காத குழந்தைக்குச் சொத்து எழுதி வைப்பது போலத்தான்.

## பழங்குடி அரசே அந்த இடத்தை நிரப்ப முடியாதா?

பல கிராமங்கள் அதைத்தான் விரும்புகின்றன. நகர மன்றத்தைக் கலைத்துவிட்டுப் பழங்குடி மன்றத்திடம் பொறுப்பைக் கொடுத்த ஊர்களும் உண்டு. தடையாக நிற்பது வரி.

வெனிட்டி என்ற உட்பகுதிக் கிராமம் 1971 சட்டத்தின் பணத்தை வேண்டாம் என்று விட்டு, சுமார் 18 லட்சம் ஏக்கர் நிலத்தை முழு உரிமையாகப் பெற்றுப் பழங்குடி அரசின் பெயருக்கே மாற்றிக்கொண்டது. 1980களில் மாநிலப் பணத்தில் அங்கே பள்ளி கட்ட வந்த ஒப்பந்தக்காரரிடம் பழங்குடி அரசு சுமார் 1,61,000 டாலர் வரி கேட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1998இல் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: 1971 சட்டத்தின் கீழ் வந்த நிலம், பழங்குடி அரசின் ஆட்சியெல்லையாகக் கருதப்படும் 'இந்தியப் பிரதேசம்' ஆகாது, எனவே அங்கே வெளியாரிடம் வரி விதிக்கும் அதிகாரம் இல்லை.

இதைவிட வலுவான வழக்கு எந்தக் கிராமத்திடமும் இருந்திருக்காது. அதுவே தோற்றபின், பழங்குடி மன்றங்களுக்குத் தம் உறுப்பினர்கள்மேல் அதிகாரமும் மத்திய மானியங்களும் மிஞ்சின. மானியம் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடியது. கிப்னக்கின் ஆற்றங்கரை அரிப்பைத் தடுக்க ஒதுக்கப்பட்டிருந்த சுமார் 2 கோடி டாலர் மானியத்தை மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2025 மே மாதம் ரத்து செய்தது. வெள்ளம் வந்தது அக்டோபரில். பணம் இருந்திருந்தாலும் ஐந்து மாதத்தில் கரை எழுந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் ஓர் ஊரின் கரையைக் காக்கும் முடிவு அந்த ஊராலோ வட்டாரத்தாலோ எடுக்கப்படவில்லை என்பதும் உண்மை.

## விளைவுகள்

காவல். நார்த் ஸ்லோப்பில் பரோவின் காவலர்கள் இருக்கிறார்கள். அமைக்கப்படாத பரோவில் பெரும்பாலும் மாநிலக் காவலர்கள்தான் பொறுப்பு. அவர்கள் வட்டார மையங்களிலிருந்து, வானிலை அனுமதித்தால், விமானத்தில் வர வேண்டும். கிராமப் பாதுகாப்பு அலுவலர் என்ற பணி உண்டு. மாநிலம் பணம் தர, வட்டார அமைப்புகள் ஆள் எடுக்கின்றன. பல கிராமங்களுக்கு அந்த ஆளும் கிடைப்பதில்லை. 2019 ஜூன் மாதம் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார் அங்கே சென்று பார்த்த பிறகு, கிராமப்புற அலாஸ்காவில் சட்டம் ஒழுங்கு அவசரநிலை என்றே அறிவித்தார்.

பள்ளி. அமைக்கப்படாத பரோவில் மக்கள் வட்டார அளவில் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு பள்ளி வாரியம் ஒன்றுதான். அதற்குக் காரணமும் ஒரு போராட்டம். பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கத்தை எதிர்த்து 1972இல் தொடுக்கப்பட்ட, மோலி ஹூட்ச் வழக்கு என்று அறியப்படும் வழக்கு, 1976இல் சமரசத்தில் முடிந்தது. 126 கிராமங்களில் உயர்நிலைப் பள்ளி அமைக்க மாநிலம் ஒப்புக்கொண்டது. அந்த வாரியங்களுக்கு வரி அதிகாரம் கிடையாது. கூரை ஒழுகினாலும் சட்டமன்றத்தின் நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். 1999இல் ஒரு நீதிமன்றம் இந்த முறை அரசமைப்புக்கு முரணானது என்றது. 2011இல்தான் அந்த வழக்கு ஒப்பந்தத்தில் முடிந்து சில பள்ளிகளுக்குப் பணம் வந்தது. வெள்ள இரவில் மக்கள் ஓடிய கட்டடங்கள் இந்தப் பள்ளிகளே.

ஊரை இடம் மாற்றுவது. இதுதான் மிகக் கடினமானது. மத்திய அரசின் தணிக்கை அலுவலகம் 2003இல் ஆராய்ந்த 213 பூர்வகுடிக் கிராமங்களில் 184 கிராமங்கள் வெள்ளத்தாலோ அரிப்பாலோ பாதிக்கப்பட்டவை. நியூடாக் என்ற கிராமத்தை நிங்லிக் ஆறு தின்றுகொண்டிருந்தது. அதன் நகர மன்றம் 1997இல் கலைக்கப்பட்டுவிட்டது. 2003இல் நாடாளுமன்றம் நிலப் பரிமாற்றத்துக்கு ஒப்புதல் தந்தது. சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி மெர்டார்விக் என்ற புதிய இடம் கிடைத்தது. பிறகு ஊரின் பழைய பழங்குடி மன்றமும் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பழங்குடி மன்றமும் தாமே சட்டபூர்வமான அரசு என்று மோதிக்கொண்டன. எந்த மன்றத்தோடு ஒப்பந்தம் போடுவது என்று தெரியாமல் முகமைகள் கையைக் கட்டிக்கொண்டன, ஆறு கட்டிக்கொள்ளவில்லை. ஊரார் முழுவதுமாக இடம் மாறியது 2024இல்.

## இனி என்ன வழி?

சட்டமன்றம் 1963இல் செய்ததை மறுபடியும் செய்து, மிச்ச நிலத்தைக் கட்டாயப் பரோக்களாக்கலாம் என்ற யோசனை பல முறை எழுந்து அடங்கியிருக்கிறது. வருமானம் இல்லாமல் கட்டாயப்படுத்தினால் பெயர்ப்பலகை கிடைக்கும், அரசு கிடைக்காது. குஸ்கோக்விம் பகுதியில் டான்லின் தங்கச் சுரங்கம் தொடங்கினால் வரி ஆதாரம் வரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. அந்தச் சுரங்கம் தங்கள் சால்மன் மீனை அழித்துவிடும் என்று எதிர்க்கும் பழங்குடி அரசுகளும் அதே ஆற்றங்கரையில் உண்டு. தன் வட்டாரத்துக்கு ஓர் அரசு வேண்டும் என்றால் ஆற்றைப் பணயம் வைத்தாக வேண்டும் என்ற நிலைக்கு ஒரு மக்களைத் தள்ளக் கூடாது. அரசமைப்பு அமைக்கப்படாத பகுதிகளின் பொறுப்பைச் சட்டமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. வட்டாரங்களைப் பிரித்து, எண்ணெய் வருமானத்திலிருந்து ஒரு நிலையான பங்கை ஒதுக்கி, ஏற்கெனவே இயங்கும் பழங்குடி அரசுகளின் கையில் நிர்வாகத்தைக் கொடுப்பது அதனால் முடியாத காரியமல்ல.

அதுவரை கிப்னக் போன்ற ஊர் ஒன்று மேட்டு நிலத்துக்குப் போக முடிவெடுத்தால் நடைமுறை இப்படித்தான் இருக்கும். விண்ணப்பத்தில் கையெழுத்திடப் பழங்குடி மன்றம் வேண்டும். நிலத்துக்குக் கிராம நிறுவனம் சம்மதிக்க வேண்டும்; புதிய இடம் வனவிலங்குப் புகலிடத்துக்குள் வந்தால் மத்திய அரசும் சம்மதிக்க வேண்டும். பள்ளியைப் பள்ளி வாரியமும், அதற்கான பணத்தைச் சட்டமன்றமும், விமான ஓடுதளத்தை மாநிலப் போக்குவரத்துத் துறையும் தர வேண்டும். மாணவர் எண்ணிக்கை போதாத இடத்தில் பள்ளி கட்டப் பணம் வராது. பள்ளி இல்லாத இடத்துக்குக் குடும்பங்கள் போகாது. இவர்கள் அனைவரையும் ஒரே அறையில் கூட்டி முதல் அடியை யார் எடுத்துவைப்பது என்று முடிவுசெய்யும் கடமை, இன்றைய சட்டப்படி, எவருக்கும் இல்லை.